வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அன்பர்களே, வணக்கம்.

நாடிழந்த அரச குடும்பங்களைப் பற்றிப் பேசுவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. ஆனால் முதலில் எடுத்த, ஜெர்மானியச் சிறு நாடுகளான ஹானோவர், பிரவுன்ஸ்விக் இரண்டுக்கும் உரிய ஹானோவர்-பிரவுன்ஸ்விக் குடும்பமே ஆண்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. ரஷ்யா, ஆஸ்திரியா பற்றிக் கட்டுரை தயாரித்து வைத்திருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

தொடக்கம் 1866. ஆஸ்திரியாவுடனான போரில் வலிய ஜெர்மானிய நாடான பிரஷ்யாவுடன் சேர மறுத்த ஹானோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கண்பார்வை இழந்தவர். (பழைய காசுகளில் நாம் பார்க்கும் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வேறு, இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்ல வேண்டியிருந்தது.) லாங்கென்சால்சாவில் அவர் படை வென்றது, இரண்டே நாளில் சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தது. நாடு பிரஷ்யாவுக்குள் கரைந்தது. ஆஸ்திரியாவில் அடைக்கலம் புகுந்த மன்னர் 1878இல் பாரிசில் இறக்கும்வரை முடி துறக்கவில்லை. அவருடைய சொத்தை முடக்கிய பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், அதன் வருமானத்திலிருந்து பத்திரிகைகளுக்குக் கைக்கூலி கொடுத்தார். அன்று கேள்விகள் நிற்கவில்லை, தேநீர்தான் ஆறிப்போனது.

அடுத்த தலைவர் மகன் எர்ன்ஸ்ட் ஆகுஸ்ட். கம்பர்லாந்து கோமகன் என்ற பிரிட்டிஷ் பட்டம் அவருக்கு உண்டு. ஆஸ்திரியாவின் க்முண்டனில் மாளிகை கட்டிக் குடியேறினார். 1884இல் பிரவுன்ஸ்விக் கோமகன் வாரிசின்றி இறந்தார். அந்த நாடு முறைப்படி இவருக்கு வர வேண்டியது. ஹானோவர் உரிமையை விட்டால்தான் உண்டு என்றது பிரஷ்யத் தலைநகர் பெர்லின். இவர் விடவில்லை. அங்கே 1913 வரை அரசப் பிரதிநிதிகளே ஆண்டார்கள்.

இது மானமா, வறட்டுப் பிடிவாதமா? கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என் கருத்தையும் பதிவு செய்கிறேன்: மாளிகையில் இருந்துகொண்டு பிடிவாதம் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. அவர் மனைவியின் தமக்கைகளில் ஒருவர் ரஷ்யப் பேரரசி, இன்னொருவர் பின்னாளில் பிரிட்டன் அரசி. பிரவுன்ஸ்விக் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு சாவு. 1912இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார். அப்போது பிரஷ்ய மன்னரும் ஜெர்மன் பேரரசருமான கைசரின் குடும்பம் காட்டிய மரியாதைக்கு நன்றி சொல்ல பெர்லின் போன இளைய மகன், கைசரின் ஒரே மகள் விக்டோரியா லூயிசேயைக் கண்டார். 1913 மே மாதத் திருமணத்துக்கு ரஷ்ய ஜார் மன்னரும், நம் காசு ஜார்ஜும் வந்திருந்தார்கள். அந்த நவம்பரிலேயே மாப்பிள்ளை பிரவுன்ஸ்விக் கோமகனானார். 1918 நவம்பர் 8 அன்று புரட்சி அவரை இறக்கியது. குடும்பம் மறுபடி க்முண்டனுக்கே போனது. மறு ஆண்டு கம்பர்லாந்து பட்டத்தையும் பிரிட்டன் பறித்துக்கொண்டது.

குடும்பத்தின் இடைக்காலத் தேவாலயப் பொக்கிஷம் 1929இல் பிராங்க்பர்ட் வணிகர்களுக்கு விற்கப்பட்டது. மொத்தம் 82 பொருள்கள். நாஜி ஆட்சியில் 1935இல் அவற்றில் 42 பிரஷ்யாவின் கைக்குப் போயின. அந்த யூத வணிகர்களின் வாரிசுகள் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. இதற்குத் தனிக் கூட்டம் வேண்டுமென்ற கோரிக்கை செயற்குழுவின் பரிசீலனையில் உள்ளது.

கூடம் தந்த நூலகத்தாருக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குமுன் எழுந்து போய்விட வேண்டாம்.

வரும் ஆண்டின் முதல் கூட்டத்துக்கு, 1830இல் மக்களால் விரட்டப்பட்ட பிரவுன்ஸ்விக் கோமகன் இரண்டாம் கார்லை முன்மொழிகிறேன். தமக்கு ஒரு நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை ஜெனீவா நகருக்கு எழுதிவைத்தவர் அவர். அறிக்கையை ஏற்று இசைவு தருமாறு அவையோரை வேண்டுகிறேன்.

செயலாளர்