அன்னைக்கே தப்புதான்

கண்ணம்மா,

நேத்து போன்ல "விடும்மா, சரி தப்பு எல்லாம் அவங்கவங்க டேஸ்ட் மாதிரிதான்"னு சொல்லிட்டு வெச்சுட்ட, எனக்கு அப்புறம் தூக்கமே வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

டேஸ்ட் விஷயத்துல நீ சொல்றது சரிதான். 1931ல ஆர்தர் ஃபாக்ஸ்னு ஒரு கெமிஸ்ட், லேப்ல பி.டி.சி.ங்கற பவுடர கொட்டும்போது காத்துல பறந்துச்சாம், பக்கத்துல இருந்தவர் ஒரே கசப்புங்கறாரு, இவருக்கு ஒண்ணுமே தெரியல. பாத்தா அது பொறப்புலயே வர்ற ஜீன் வித்தியாசம். இதுல யாரு சரின்னு கேக்கறதுலயே அர்த்தமில்ல.

ஆனா இத கேளு. உனக்கு அப்ப அஞ்சு வயசு, நான் எழுதிட்டிருந்த நோட்டு மேல தண்ணிய தட்டி விட்டுட்ட. முதுகுல வெச்சேன் ஒண்ணு, அஞ்சு விரலும் பதிஞ்சிருச்சு. நீ சத்தமா கூட அழல, கவுன் முனையால அந்தப் பேப்பர தொடச்சிட்டே இருந்த, இங்க் இன்னும் பரவிடுச்சு. சத்தியமா சொல்றேன், அன்னைக்கு எனக்கு அது தப்பாவே தோணல, அடிச்சு வளக்கணும்னுதான் சுத்தி எல்லாரும் சொன்னாங்க, புரியறதுக்கு வருஷக்கணக்காச்சு. உன் கணக்குப்படி பாத்தா அன்னைக்கு அது சரி, இப்ப என் டேஸ்ட் மாறிடுச்சு, அவ்வளவுதான். என்னால ஏத்துக்க முடியல டி. அது அன்னைக்கே தப்புதான், எனக்குத்தான் கண்ணு தெரியல.

அந்தத் தப்பு எங்க இருக்கு, காட்டுன்னு கேப்ப. காட்ட முடியாது. ஹியூம்ங்கற தத்துவ ஞானி 1740லயே சொல்லிட்டாரு, 'இப்படி இருக்கு'ங்கறத மட்டும் வெச்சு 'இப்படி இருக்கணும்'னு தாவ முடியாதுன்னு. 1977ல மேக்கின்னு இன்னொரு தத்துவ ஞானி இன்னும் ஒரு படி மேல போய், சரி தப்புன்னு ஒண்ணு உலகத்துல தனியா இருந்தா அது வேற எதோடயும் சேராத விசித்திரமாத்தான் இருக்கணும்னாரு. நியாயமான கேள்விதான். ஆனா வலி உன் முதுகுல நிஜமா இருந்துச்சே, கைய நிறுத்த வேண்டிய காரணமும் அங்கேயே இருந்துச்சு, என் மனசு எந்தப் பக்கம் இருந்தாலும்.

விருப்பத்துலகூட சரி தப்பு இருக்குன்னு நினைக்கிறேன். பார்ஃபிட்ங்கற தத்துவ ஞானி 1984ல ஒரு ஆள கற்பனை பண்றாரு, அவனுக்கு மத்த நாள் வலின்னா பயம், வரப்போற எந்தச் செவ்வாக்கிழமை வலின்னாலும் மட்டும் கவலையே இல்ல, அதனால புதன்கிழமை லேசா வலிக்கறதுக்குப் பதிலா செவ்வாக்கிழமை துடிதுடிக்கறதே போதும்பான். அது அவன் இஷ்டம்னு விட்ருவியா நீ?

பதில் சொல்லு, சண்டைகூட போடு, "உன் பார்வை உனக்கு"ன்னு மட்டும் போன வெச்சுடாத. அந்த அடிக்கு நான் இதுவரைக்கும் மன்னிப்பு கேக்கவே இல்ல, இப்ப கேக்குறேன்.

அம்மா