இட்டாஸ்கா ஏரிக்கரையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அப்பா அம்மாவோடு மினசோட்டாவின் இட்டாஸ்கா மாநிலப் பூங்காவில் வாடகை ஆர்.வி. (சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள வீட்டுவண்டி) ஒன்றில் மூன்று இரவு தங்கிவிட்டு வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் ஓர் அட்டை அனுப்பியாயிற்று. ஆனால் அதில் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. மனசு ஆறாமல்தான் தமிழில் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து இடத்துப் பெரியவருக்கு. செப்டம்பர் கடைசி, முதல் ராத்திரி, வெளியே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். வண்டியின் கேஸ் ஹீட்டர் பற்றவே இல்லை. சரி என்று கையோடு கொண்டுபோன மின்சார ஹீட்டரைப் போட்டோம். அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் இட்லி வைத்தார். இரண்டாவது ஈடு வேகும்போது மொத்தமும் இருட்டு. வெளியே கம்பத்துப் பெட்டியில் பிரேக்கரை நான் தள்ளத் தள்ள, அது பிடிக்காமல் நடுவிலேயே நின்றது. கூப்பிடாமலே டார்ச்சோடு வந்துவிட்டார் மனிதர். பிரேக்கரை முழுக்க ஆஃப் பக்கம் அழுத்தி, 'டக்' என்று கேட்டபிறகு ஆன் செய்தார். விளக்கு வந்தது. அப்புறம் எங்கள் வண்டிப் படியில் உட்கார்ந்து கணக்குச் சொன்னார்: கம்பத்திலிருந்து வண்டிக்குக் கிடைப்பது 30 ஆம்பியர், 120 வோல்ட், ஆக 3,600 வாட். ஹீட்டருக்கு 1,500, அடுப்புக்கு 1,800. மிச்சம் 300 வாட்டில் வெந்நீர்த் தொட்டி எப்படி ஓடும்? அதை அணைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் இன்ஜினியர். அதை அவரிடம் சொல்லவில்லை.

கேஸ் சங்கதியைத் தீர்த்தவர்கள் மறுநாள் காலை வந்த கேம்ப் ஹோஸ்ட் தம்பதி. சம்பளம் வாங்காமல் முகாமிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள். சிலிண்டர் வால்வை நான் வேகமாகத் திறந்ததில் பாதுகாப்பு அடைப்பான் பாதி மூடிக்கொண்டதாம். அந்த அம்மா வால்வை மூடி, கொஞ்சம் பொறுத்து, வீணைப் பிரடையைத் திருகுவதுபோல மெள்ளத் திறந்தார். ஹீட்டர் பற்றிக்கொண்டது.

கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடத்தில் கையுறை கொடுத்து, 'கறுப்புத் தொட்டி (கழிப்பறைக் கழிவு) முதலில், சாம்பல் தொட்டி (குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்) அப்புறம், அப்போதுதான் குழாய் கழுவப்படும்' என்று சொல்லிக்கொடுத்த பெண்மணிக்கும் நன்றி. இதற்கு மேல் வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் இருப்பீர்கள்.

அப்பா திருவையாற்றுக்காரர். 2,552 மைல் ஓடுவதாக இட்டாஸ்கா ஏரிக்கரை மரத்தூணில் செதுக்கியிருக்கும் மிசிசிப்பி, ஏரியை விட்டுக் கிளம்பும் இடத்தில் முழங்கால் ஆழம்தான். கற்களில் பாசி. யாரோ இரண்டு கல்லூரிப் பையன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை அக்கரை சேர்த்தார்கள். நடுவில் அவர் குனிந்து தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பையன்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தெளித்துக்கொண்டார்கள். தம்பிகளா, நல்லா இருங்க.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஒருவருக்கும் சொல்ல வேண்டும். 1903இல், 24 வயதில் இந்தப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற மேரி கிப்ஸ். மரம் வெட்டும் கம்பெனி அணை போட்டுத் தண்ணீரைத் தேக்கியதில் கரையோர மரங்கள் மூழ்கின. அணையைத் திறக்கச் சொன்ன அவரைக் கம்பெனி ஆட்கள் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் அவர் பின்வாங்கவில்லை. நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்த நிழலில் அவருக்கும் பங்கு உண்டு.

கிளம்புகிற அன்று கேம்ப் ஹோஸ்ட் தம்பதிக்கு அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்பினார். வண்டி நகரும் நேரத்தில் டப்பா திரும்பி வந்தது, உள்ளே அந்த ஊர் ஏரிகளில் விளையும் காட்டரிசி. "டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாதுன்னு இவங்களுக்கு யார் சொன்னா?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நேற்று அந்த அரிசியில் வெண்பொங்கல் வைத்தோம். வேகவே முக்கால் மணி நேரம் ஆனது. நிறம் கறுப்பு, ருசி பிரமாதம்.

பெரியவரே, உங்கள் டார்ச் எங்களிடமே தங்கிவிட்டது. தபாலில் வருகிறது.