காது மடலும் ஓர் எழுத்தும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். குழந்தையின் படம் வந்ததும் உன் பெரிய அத்தை கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கி, காது மடலின் ஓரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மூத்தவளைப் போல இல்லை, இவன் நல்ல சிவப்பு" என்று தீர்ப்பு வழங்கினார். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் நிறத்தில் எப்படி இவ்வளவு வேறுபடுவார்கள் என்று நீ கேட்டிருந்ததால், விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அச்செல்களுக்குள் மெலனின் என்ற கரு நிறமி உருவாகும் மெலனோசோம் என்னும் நுண்பைகளின் அளவும் அடர்த்தியும், அவை தோலில் பரவும் விதமுமே வேறுபடுகின்றன.

நம் கல்லூரி ஆய்வகத் தொட்டியில் நீ வேடிக்கை பார்த்த வரிக்குதிரை மீன் நினைவிருக்கிறதா? அதில் கோடுகள் வெளிறிப் பொன்னிறமாகத் தோன்றும் வகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கீத் செங் குழுவினர் அதன் காரணத்தைத் தேடிப்போய், 2005-இல் எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவைக் கண்டனர். மனிதரிடமும் உள்ள அது செய்யும் புரதத்தின் 111-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருப்பதே பழைய வடிவம், டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறினால் அங்கே திரியோனின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமர்ந்து, தோல் வெளுக்கிறது. ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லோருக்கும் புதிய வடிவம். கிழக்காசியரில் பெரும்பாலும் பழையது. நம்மவரிடமோ இரண்டும் கலந்து கிடக்கின்றன. நம்மிடமும் ஐரோப்பியரிடமும் உள்ள புதிய வடிவம் ஒரே மூதாதை வழி வந்தது என்று ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் காட்டினர்.

சோதித்துப் பார்க்காமல் சொல்கிறேன்: நீயும் மாப்பிள்ளையும் வடிவத்துக்கு ஒன்றாக இரண்டையும் சுமப்பவர்களானால், பிள்ளைக்கு இரண்டும் பழையதாக வாய்க்க நான்கில் ஒரு பங்கு, இரண்டும் புதியதாக வாய்க்க நான்கில் ஒரு பங்கு, கலந்து வாய்க்கப் பாதி வாய்ப்பு. நிறத்தில் கை வைக்கும் மரபணுக்கள் இன்னும் பல இருப்பதால், கணக்கு இதைவிடச் சிக்கலானது.

கண்ணின் கதை வேறு. நீ இருக்கும் கோபன்ஹேகனின் பல்கலைக்கழகத்தில்தான் ஹான்ஸ் ஐபெர்க் குழுவினர் 2008-இல், மெலனின் உருவாக உதவும் ஓ.சி.ஏ.2 மரபணுவைக் கூட்டிக் குறைக்கும் விசை அடுத்த வீட்டு மரபணுவான எச்.இ.ஆர்.சி.2-க்குள் ஒளிந்திருப்பதை விளக்கினர். உன்னுடன் வேலை செய்யும் நீலக் கண்ணர்களின் கண்ணில் நீல நிறமி எதுவும் இல்லை. மெலனின் குறைந்த கருவிழியில் ஒளி சிதறுவதே நீலமாகத் தெரிகிறது. முடியும் தோலுடன் சேர்ந்தே போக வேண்டியதில்லை. சாலமன் தீவுகளில் கரிய தோலுடன் பொன்னிற முடி கொண்டவர்கள் இருக்கிறார்கள். அது ஐரோப்பியக் கலப்பு அன்று, டி.ஒய்.ஆர்.பி.1 மரபணுவில் அவர்களிடமே தோன்றிய தனி மாற்றம் என்று 2012-இல் தெரிந்தது.

நீ பிறந்தபோது, "நிறம் கொஞ்சம் மட்டு, குங்குமப்பூப் பால் ஒழுங்காகக் குடித்திருக்க மாட்டாள்" என்று உன் அம்மாவின் காதுபடவே சொன்னார்கள். அவள் ஒரு நாளும் தவறாமல் குடித்தாள். நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்த குங்குமப்பூ செரித்துப் போகும். கருவின் மரபணுவில் ஓர் எழுத்தையும் அதனால் திருத்த முடியாது. அன்று இதை வாய் திறந்து சொல்லாமல் நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உனக்கு அனுப்பச் சொல்லி அத்தை இம்முறையும் ஒரு சிமிழ் வாங்கித் தந்திருந்தார். பேரனுக்குப் பெயர் வைத்த அன்று உன் அம்மா அதை முழுவதும் கேசரியில் போட்டுவிட்டாள். கேசரி நல்ல நிறமாக வந்தது.

அன்புடன்,
அப்பா