பள்ளிச் சுகாதார அறையில் கருத்தடைச் சேவை: முடிவைத் தலைமையாசிரியரின் விருப்பத்துக்கு விடாதிருக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மேல்நிலைப் பள்ளிகளில் பணிபுரியும் சுகாதாரச் செவிலியர்கள், பள்ளி மருத்துவ அலுவலர்கள்

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
பள்ளிக்கல்வித் துறை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பள்ளிச் சுகாதார அறையில் கருத்தடை ஆலோசனையும் ஆணுறையும் அவசரக் கருத்தடை மாத்திரையும் வழங்கலாமா என்பது இன்று ஒவ்வொரு தலைமையாசிரியரின் விருப்பத்துக்கும் விடப்பட்டுள்ளது. இந்த முடிவைத் துறையே எடுத்து, எழுத்துபூர்வ ஆணையாக வெளியிட வேண்டுகிறோம்.

தலைமையாசிரியர்களைக் குறை சொல்வதற்காக இம்மனுவை எழுதவில்லை. மாணவர் நலனில் அக்கறையுள்ள தலைமையாசிரியரும் இதில் தயங்குகிறார். பெற்றோர் திரண்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பள்ளியின் பெயர் கெட்டால் பழியும் அவர் தலையில்தான். கையில் ஆணை இல்லாத ஒருவர் மறுத்துவிடுவதே பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு.

"கொடுத்தால் பிள்ளைகளை நாமே தூண்டிவிட்டதாகாதா?" என்பதே முதலில் வரும் கேள்வி. நியூயார்க் நகர அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 1991 முதல் ஆணுறை வழங்கப்பட்டது. அந்த மாணவர்களை, அத்தகைய ஏற்பாடு இல்லாத சிகாகோ மாணவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 1997இல் வெளியானது. நியூயார்க்கில் பாலுறவில் ஈடுபடும் மாணவர் விகிதம் கூடுதலாக இல்லை; ஏற்கெனவே ஈடுபட்டிருந்தவர்களிடம் ஆணுறைப் பயன்பாடுதான் கூடியிருந்தது.

அவசரக் கருத்தடை மாத்திரையைக் கருக்கலைப்பு மாத்திரை என்று எண்ணி மறுப்போரும் பலர். அவசரக் கருத்தடைக்குத் தரப்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை முக்கியமாகக் கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. தரித்துவிட்ட கருவை அது கலைப்பதில்லை. பாதுகாப்பற்ற உறவு நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். விழுங்கிய 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒரு மாத்திரை தர வேண்டும். வெள்ளி இரவு 9 மணிக்கு நேர்ந்ததற்குத் திங்கள் காலை 9 மணிக்கு ஒரு மாணவி வந்தால் 60 மணி நேரம் கழிந்துவிட்டது. மிச்சம் 12 மணி நேரம். தலைமையாசிரியர் கூட்டத்தில் இருக்கிறார், குழு புதன்கிழமைதான் கூடும் என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

அரைமனதாக அனுமதிக்கும் பள்ளிகளில் வேறுவிதமான கெடுதல் நடக்கிறது. ஆணுறைப் பெட்டி தலைமையாசிரியர் அறையிலேயே இருக்கும். வாங்குபவர் பெயரும் வகுப்பும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். யார் போவார்கள்? பெட்டி தொடப்படாமலே காலாவதியாகும். பிறகு "இங்கே தேவையே இல்லை" என்று அறிக்கை போகும். வெயில் படும் ஜன்னலோர இரும்பு அலமாரியில் வைத்தால், உறையில் அச்சிட்ட தேதிக்கு முன்பே லேடெக்ஸ் ரப்பர் நைந்துவிடும். விழிப்புணர்வுத் துண்டறிக்கையோடு ஆணுறைப் பொட்டலத்தை ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுப்பதும் உண்டு. பின் உள்ளே போய் ஆணுறையையே துளைத்துவிடுகிறது. எண்ணெய், வாஸ்லின் பட்டால் லேடெக்ஸ் கிழியும் என்பதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பதில்லை. நடைமுறைப் பயன்பாட்டில் ஆணுறையை மட்டும் நம்பும் 100 பேரில் ஓராண்டில் ஏறத்தாழ 13 பேர் கருவுறுகிறார்கள். சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் 2 பேர். இந்த இடைவெளி குறைவது கற்பிப்பதால்தான். பெட்டியை வைத்துவிட்டுப் போவதால் ஆகாது.

எங்களை மிகவும் வருத்துவது இன்னொன்று. கருத்தடை கேட்டு வருபவரிடம் தனியறையில் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகள்: துணையின் வயது என்ன, வற்புறுத்தல் உண்டா, மிரட்டல் உண்டா, கடைசி மாதவிடாய் எப்போது. வன்கொடுமை பல நேரம் இந்தக் கேள்விகளில்தான் வெளிப்படும். வெளிப்பட்டால் குழந்தைப் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை தொடங்கும். கதவை மூடும் பள்ளியில் அந்தக் குழந்தை யாரிடமும் சொல்லாமலே போய்விடும்.

ஆணை சட்ட வலுவோடு இருக்க வேண்டும். பிரான்சில் பள்ளிச் செவிலியர் அவசரக் கருத்தடை மாத்திரை தருவதற்கு அனுமதித்த அரசு வழிகாட்டுதலை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2000 ஜூனில் ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே அது நிலைத்தது. வெறும் சுற்றறிக்கையை நம்பி இறங்கத் தலைமையாசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே, வழங்கும் முடிவு பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது மருத்துவரிடமே இருக்க வேண்டும் என ஆணையிடக் கோருகிறோம். தலைமையாசிரியரின் பொறுப்பு, உள்ளிருந்து தாழிடக்கூடிய அறையும் வாரத்தில் குறித்த நேரமும் ஒதுக்கித் தருவதோடு முடியட்டும். இருப்புப் பதிவேட்டில் தேதியும் எண்ணிக்கையும் போதும்; பெயர் மருத்துவக் குறிப்பில் மட்டும், பூட்டிய இடத்தில். வயதை மட்டும் காரணம் காட்டி எந்தக் கருத்தடை முறையையும் மறுக்க வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆணையில் அதையும் சேர்க்க வேண்டும். காப்பர்-டி, தோலடியில் பொருத்தும் கருத்தடைக் குச்சி (இம்ப்ளான்ட்) போன்றவற்றுக்குப் பரிந்துரைக்க வேண்டிய மருத்துவமனையின் பெயர் ஒவ்வொரு பள்ளிக்கும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் துறையின் பெயரிலேயே பெற்றோருக்கு விளக்கக் கடிதம் போக வேண்டும். எதிர்ப்பு வந்தால் அதற்குத் துறையே பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரைவு நடைமுறையும் பயிற்சிப் பாடத்திட்டமும் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளிச் சுகாதாரச் செவிலியர்கள், மருத்துவ அலுவலர்கள்