27 சதவீதமும் அரை மதிப்பெண்ணும்

ஆசிரியருக்கு,

அல்சைமர் நோய்க்கான லெக்கனமாப் மருந்து பற்றிய தங்கள் செய்தியில் ‘நோய் 27 சதவீதம் மட்டுப்பட்டது’ என்று இருந்தது. தவறில்லை. ஆனால் எதில் 27 என்று சொல்லாவிட்டால், நூற்றுக்கு 27 பேர் குணமானதாகவே படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனை அது. நினைவாற்றல், நாளும் இடமும் அறிதல், முடிவெடுத்தல், வெளி வேலை, வீட்டு வேலை, தன்னைப் பேணுதல் என ஆறு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. மதிப்பெண் கூடினால் நோய் முற்றுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாதிப் பேருக்குப் போலி மருந்து, அதாவது மருந்தே இல்லாத ஊசி; யாருக்கு எது என்று சொல்வதில்லை. போலி மருந்து பெற்றவர்களுக்குச் சராசரியாக 1.66 கூடியது; மருந்து பெற்றவர்களுக்கு 1.21. வித்தியாசம் 0.45; 1.66-இல் இதுதான் அந்த 27 சதவீதம். ஓர் அம்சத்தில் ஏறக்கூடிய மிகச் சிறிய படியே அரை மதிப்பெண்தான். இந்த எண்களையும் சேர்த்து அச்சிட்டிருக்கலாம்.

இதைக் கருவி எதுவும் அளந்து தருவதில்லை. நோயாளியிடமும் உடனிருப்பவரிடமும் தனித்தனியே பேசி ஒருவர் போடுவது. முதல் தடவை மனைவி வந்து, “கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை எண்ணித்தான் வாங்குவார்” என்பார். ஆறு மாதம் கழித்து மகன் வந்து, “அப்பாவைத் தனியே வெளியே விடுவதே இல்லை” என்பார். நோய் இம்மியும் நகர்ந்திருக்காது, மதிப்பெண் நகர்ந்துவிடும். குலுக்கல் முறையில் பிரிப்பதால் இந்தப் பிழை இரு தரப்பிலும் ஏறக்குறைய சமமாக விழும் என்பது உண்மை. ஆனாலும் 0.45 போன்ற சிறு வித்தியாசம் அதில் மூழ்கிப்போகக்கூடும். ஆகவே தகவல் சொல்பவர் கடைசிவரை ஒருவராகவே இருக்க வேண்டும். விதிமுறையில் இது ஒரு வரி. 18 மாதம் கடைப்பிடிப்பது பெரும்பாடு.

இன்னொன்று. இந்த மருந்தில் 12.6 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. போலி மருந்தில் 1.7. வீக்கத்தால் ஊசியை நிறுத்தினால், நமக்குக் கிடைப்பது அசல்தான் என்று குடும்பம் ஊகித்துவிடும். அந்த நம்பிக்கை பதில்களிலும் ஏறும். அதனால் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் மதிப்பெண் போடக் கூடாது. போடுபவரும் பேச்சைத் தொடங்கும்முன், “ஸ்கேன், ஊசி பற்றி என்னிடம் சொல்லாதீர்கள்” என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பார்க்கின்சன் சோதனைகளில் சிக்கல் கடிகாரத்தில். அந்நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் விறைப்பும் நடுக்கமும் தணிந்துவிடும். எனவே முந்தைய இரவிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் அதை நிறுத்திவைத்துக் காலையில் அளப்பார்கள். கை உதறுகிறதே என்று வழியில் அரை மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் அன்றைய அளவு வீண். “மாத்திரை போட்டீர்களா?” என்றால் பெரும்பாலும் “இல்லை” என்றே பதில் வரும். “கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?” என்று கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்துச் சோதனைப் பணியில் உள்ள வாசகர்