திரும்பும் தேதி

வேலும் மயிலும் துணை

நாச்சியாபுரம்,
புரட்டாசி 3

அன்புள்ள மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். ஊருணியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. இரண்டாங்கட்டு ஓடு மாற்றும் வேலை மழைக்கு முன் முடிந்துவிடும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். இதைக் கைப்பட எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் நான் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிவிடுகிறேன்.

நீ சென்ற வாரம் அனுப்பிய நான்கு படங்களும், கூடவே எழுதியிருந்த ஒரே வரியும் வந்து சேர்ந்தன. அக்டோபர் முதல் வாரத்தில் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள கில்லார்னி பூங்காக் காட்டில் முழுச் சுற்றையும் நடக்கப் போவதாகவும், ஒரு வாரம் பேச இயலாது என்றும் எழுதியிருந்தாய். யாருடன் போகிறாய் என்று அதில் இல்லை. கேட்க வேண்டாம் என்று உன் ஆத்தா சொன்னாள், ஆகையால் நான் கேட்கவில்லை.

மறுநாளே காரைக்குடிக்குப் போய் அந்தப் பூங்காவின் வரைபடத்தைப் பெரிய தாளில் வண்ணத்தில் எடுத்து வந்தேன். பட்டாலையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கொன்றாக நாழி, உழக்கு, ஆழாக்கு, வெற்றிலைப் பெட்டி ஆகியவற்றை வைத்து, பூதக்கண்ணாடியோடு மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். ஜார்ஜ் ஏரியில் புறப்பட்டு ஜார்ஜ் ஏரிக்கே வந்து சேரும் லா குளோஷ் சில்லவெட் பாதை 78 கிலோமீட்டர். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குப் பதினொன்று வருகிறது. பழனிக்கு நடக்கிறவர்கள் கணக்கில் அது காலைப் பலகாரத்துக்கு முன் முடிந்துவிடும் நடைதான். ஆனால் அந்தக் கணக்கை நீ அங்கே வைத்துப் பார்க்காதே. நம்முடையது சமதரைச் சாலை. வழியெங்கும் பந்தல், மோர், தெரிந்த முகம். அங்கே வெள்ளைப் பாறை முகடுகளில் ஏறி இறங்கி, நீர்நாய் போன்ற பீவர்கள் மரம் கடித்துக் கட்டிய அணைகளின் மேல் கால் வைத்துக் கடந்து, ஏழு நாள் சோற்றையும் கூடாரத்தையும் முதுகில் சுமக்க வேண்டும். அங்குள்ள சில்வர் பீக் என்ற சிகரம் 543 மீட்டர்தான் என்று நீ சொல்வாய். உயரம் மனிதனை அடிப்பதில்லை, ஈரப் பாறை அடிக்கிறது.

அடிபட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதான் என் கேள்வி. அங்கே பல இடங்களில் கைபேசிக்கு டவர் கிடைக்காது என்று போன ஆண்டு நீயே சொன்னாய். ஆகவே எந்த நாள் உள்ளே போகிறாய், எந்த இரவு எந்த எண் கொண்ட முகாமிடத்தில் தங்குகிறாய், எந்த நாள் வெளியே வருகிறாய் என்பதை எழுதி, அந்த ஊரில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போ. இன்ன நேரத்துக்குள் நான் பேசாவிட்டால் பூங்கா அலுவலகத்துக்குச் சொல்லுங்கள் என்றும் அந்தத் தாளிலேயே எழுது. எனக்கும் ஒரு படி அனுப்பு.

நான்கு படங்களில் பிளவுப் பாறையின் உச்சியிலிருந்து எடுத்த படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கீழே ஒரு பக்கம் கில்லார்னி ஏரியும் அதற்கு அப்பால் ஓ.எஸ்.ஏ. ஏரியும் நீலமாக விரிந்து கிடக்கின்றன. அந்த இரண்டாவது ஏரிக்கு அப்பெயர் வந்த கதையைப் படித்து மகிழ்ந்தேன். 1930களின் தொடக்கத்தில் அதன் கரை மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று அறிந்து ஏ.ஒய். ஜாக்சன் என்ற ஓவியர் அரசாங்கத்துக்கு எழுதி, அந்த வேலையைத் தடுத்து நிறுத்த வழிசெய்திருக்கிறார். அதனால் ஒன்டாரியோ ஓவியர் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரையே ஏரிக்கு வைத்தார்கள். பூங்கா என்று அறிவித்தது 1964இல். ஒரு மனிதர் எழுதிய கடிதத்தால் ஒரு ஏரிக்கரை பிழைத்தது என்பது கடிதம் எழுதுகிற எனக்குத் தெம்பாக இருந்தது.

ஆனால் அந்த நீலத்தின் காரணத்தைப் படித்தபோது மனம் சங்கடப்பட்டது. அருகிலுள்ள சட்பரியில் நிக்கலும் செம்பும் உருக்கும் ஆலைகளின் கந்தகப் புகை பல பத்தாண்டுகள் மழையோடு கலந்து அமிலமாக அந்த ஏரிகளில் இறங்கியிருக்கிறது. நம் வீட்டுச் சுவரெல்லாம் அரைத்துப் பூசியிருக்கும் சுண்ணாம்பு போன்ற எதுவும் அந்த வெண்பாறையில் இல்லை. இருந்திருந்தால் அமிலத்தை முறித்திருக்கும். மீன்கள் செத்தன, நுண்ணிய பாசியும் உயிர்களும் குறைந்தன, அதனால்தான் அடிவரை தெரியும்படி தண்ணீர் அத்தனை தெளிந்தது. புகையைக் குறைத்த பிறகு சில ஏரிகள் மெல்லத் தேறி வருகின்றனவாம். நம் ஊருணித் தண்ணீரை உன் அப்பத்தா தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைத்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தெளிவே ஒரு நோவின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. நீ வாரந்தோறும் தொலைபேசியில் சொல்வதும் மிகத் தெளிவாகத்தான் இருக்கிறது: நன்றாக இருக்கிறேன், வேலை நன்றாகப் போகிறது, சாப்பிட்டேன்.

மூன்றாவது படத்தில் அடுப்பின் அருகே பெயர் வெட்டிய எவர்சில்வர் தம்ளர் ஒன்று இருந்தது. உன் ஆத்தா இணையாக இரண்டு கொடுத்து அனுப்பியவை அவை. ஒன்றில் உன் எழுத்து, மற்றொன்றில் மகமிண்டியின், எங்கள் மருமகளின், எழுத்து. படத்தில் இருந்தது உன்னுடையது. மற்றது எங்கே என்று உன் ஆத்தா கேட்டாள். பைக்குள் இருக்கும் என்று நான் சொன்னேன். கூடாரமும் ஒருவர் படுக்கும் அளவில்தான் தெரிந்தது. அதை நான் அவளிடம் காட்டவில்லை.

தம்பி, நம் வளவில் யாரும் பார்த்திராத காட்டை நீ பார்க்கிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. உன் பாட்டனார் ஐயா ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர். அவர்கூடத் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டுதான் போனார். நீ அவரையும் மிஞ்சிவிட்டாய் என்று கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன். அதே சமயம், போகிறேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, யாரோ அயலாருக்குத் தகவல் கொடுப்பதுபோல் நிறுத்திக்கொள்வது எந்த ஊர் வழக்கம் என்றும் கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டு, அந்த வழக்கத்தை உனக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

நீ பழனிக்கு நடந்த முதல் தை மாதத்தை மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினொரு வயது. சிங்கம்புணரியைத் தாண்டியதும், கால் எரிகிறது அப்பச்சி என்றாய். காவடிக்காரர்கள், பங்காளிகள் எல்லார் முன்னிலும், முருகன் சோதிக்கிறான், வாயை மூடிக்கொண்டு நட என்று அதட்டினேன். அதற்குப் பிறகு நீ ஒரு சொல் சொல்லவில்லை. திண்டுக்கல்லில் பெரியவர் ஒருவர் வெந்நீரில் உப்புப் போட்டு உன் காலைக் கழுவியபோதுதான் குதிகாலுக்குள் கண்ணாடிச் சில் இருந்தது தெரிந்தது. இரண்டு நாள் அதோடு நடந்திருக்கிறாய். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி உன்னைப் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். நான் அதட்டிய அந்த நாளுக்கு மறுநாள், விடியலுக்கு முன் எல்லாரும் புறப்பட்ட இருட்டில், எனக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் சாமான் வண்டியில் ஏறி, சமையல் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து நத்தம் வரை போனேன். வழியில் உங்களைக் கடந்தோம். வண்டி விளக்கு வெளிச்சத்தில் நீ சாலையோர மண்ணில் நொண்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லி உன்னை ஏற்றியிருக்கலாம். ஏற்றினால் நான் அதற்குள் இருப்பது தெரிந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நத்தத்தில் இறங்கி, முன்னாலேயே நடந்து வந்து சேர்ந்தவன்போல் நின்று உன்னை வரவேற்றேன். ஒரு வருடமும் தவறாமல் நடந்தவன் என்று ஊர் என்னைச் சொல்லும்போதெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். உன் ஆத்தாவிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளைக்கு எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வலித்தால் வலிக்கிறது என்று எங்களிடம் சொல்லலாம். காலானாலும் சரி, வேறெதுவானாலும் சரி. நான் யார் முன்னிலும் எதுவும் கேட்க மாட்டேன்.

இனிக் காட்டுக்கு வேண்டியவை. பருத்திச் சட்டை நனைந்தால் சூடு தராது. கம்பளியோ செயற்கை நூலோ அணிந்துகொள். உறைபனி இல்லாவிட்டாலும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும், தடுமாற்றம் வந்த பிறகு புத்தி வேலை செய்யாது. ஏரித் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடி. கரடி நடமாடும் காடு. சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் தள்ளி மரக்கிளையில் உயரக் கட்டு. உள்காட்டில் தகரடப்பாவுக்கும் கண்ணாடிப் பாட்டிலுக்கும் தடை என்று படித்ததால், உன் ஆத்தா பருப்புப் பொடி, இட்லிப் பொடி, அரைத்த கஞ்சி மாவு எல்லாவற்றையும் தனித்தனி உறைகளில் கட்டி, ஏழு நாளைக்கு ஏழு என்று எழுதி வைத்திருக்கிறாள். நாளைக் காலை கூரியரில் போகிறது. ஒவ்வொன்றும் இரண்டு பேருக்குக் காணும் அளவு. குறைக்கச் சொன்னேன், அவள் கேட்கவில்லை.

திரும்பும் தேதியை எழுதி ஒருவரிடம் கொடு. மேலேயே எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன். பாதியில் திரும்ப வேண்டியிருந்தால் திரும்பிவிடு. 78 கிலோமீட்டரை முடித்தாயா என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஜார்ஜ் ஏரிக்கு நீ வந்து சேரும் நாள் இரவு அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. அன்று நான் நடை போகாமல் திண்ணையிலேயே இருப்பேன். மணி அடித்தால் உன் ஆத்தாதான் எடுப்பாள். என்னிடம் கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பச்சி