கொத்தனாரின் டேப்பும் இரண்டாம் வகுப்பின் சாணும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்த பிறகு ஆடி போய், ஆவணியும் முடிந்துவிட்டது. பதில் எழுதாததற்கு நான் சொல்லக்கூடிய காரணங்கள் அனைத்தும் உனக்கு மனப்பாடம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. சைக்கிளை நான் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்லிவிடு.

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று பள்ளியில் நடந்தது. எங்கள் ஈராசிரியர் பள்ளிக்குத் திறன்மிகு வகுப்பறைக்கான திரை வந்திருக்கிறது. அதை மாட்டுவதற்கு முன் சுவரைச் சரிசெய்ய வந்தவர்கள், பெரிய அறையின் சுவர்கள் முழுவதிலும் இடுப்பளவு உயரத்துக்கு டைல்ஸ் பதிக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த இடுப்பளவு உயரத்தில்தான் கமலா, குழந்தைகளின் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கிறது. அட்டைகளை வைத்து, ஏணியின் படிகளைப் போல ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் நீயும் நானும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு பெயர் எழுதினோமே, அதே பலகைதான். அட்டைகள் கிழிந்து, ஏணிப் படங்கள் செல்லரித்துப் போன பிறகும், ஆண்டுதோறும் பெயர்களை மட்டும் மாற்றி அதை நான் காப்பாற்றி வந்தேன்.

வேண்டாம் என்று நானே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால், கட்டங்கள் அவர்களுடையவை என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவிட்டு, அவற்றைப் பற்றிய முடிவை மட்டும் நான் எடுப்பது முறையாகத் தோன்றவில்லை. மறுநாள் காலை எல்லோரையும் பாயில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். பலகையைக் காப்பாற்ற முப்பது குரல்கள் ஒன்றாக எழும் என்று நீ எதிர்பார்ப்பாய். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் டைல்ஸ்தான் வேண்டும் என்றார்கள். புதுக்கோட்டையில் தனியார் பள்ளியில் படிக்கும் தங்கள் பங்காளிகளின் வகுப்பறை பளபளவென்று இருக்கிறதாம், நம்முடையது மட்டும் கரி பூசியது போல் இருக்கிறதாம். குழந்தைகளின் விருப்பப்படி நடக்கும் பள்ளி என்று மேடைகளில் பேசுகிறவர்கள், குழந்தையின் விருப்பம் டைல்ஸாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

வாக்கெடுப்பு நடத்தலாம் என்றார் என்னுடன் பணியாற்றும் தம்பி. நான் மறுத்துவிட்டேன். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில்தான் தலைகள் அதிகம். இப்போதுதான் தன் பெயரை எழுதப் பழகியிருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கட்டம் எண்ணிக்கையில் அடிபட்டுப் போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பேசிக்கொண்டே இருந்தோம், ஒரே நாளில் முடியாமல் அடுத்தடுத்த காலைகளிலும். திரைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்வி வந்ததும் அளக்கத் தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்பின் சாணும் நான்காம் வகுப்பின் சாணும் ஒத்துப்போகவில்லை. யாருடைய கை சரியான கை என்று பெரிய சண்டை மூண்டது, ஒருவன் அழுதேவிட்டான். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கையால் அளப்பது என்று அவர்களே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் தம் டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதை வைத்து அந்தப் பெண்ணின் சாண் எத்தனை சென்டிமீட்டர் என்று முதலில் அளந்தார்களே தவிர, சுவரை அல்ல. அளவைகள் பாடத்தை நான் இத்தனை ஆண்டுகள் நடத்தியதில் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததே இல்லை.

விவாதத்தைத் திருப்பியவளும் அதே பெண்தான். “அண்ணா, நீங்கள் எல்லாம் அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்குப் போய்விடுவீர்கள். இந்தச் சுவரோடு இருக்கப்போவது நாங்கள்தானே” என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெரியவர்கள் சிறிது நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பேரத்துக்கு வந்தார்கள். திரை மாட்டும் சுவருக்கு மட்டும் டைல்ஸ், வாசல் இருக்கும் சுவருக்கு வெள்ளை, மற்ற இரண்டு சுவர்களில் பலகை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இருவர் எழுந்து நின்று, ஒருவர் டைல்ஸின் சார்பிலும் ஒருவர் பலகையின் சார்பிலும் பேசினார்கள். தலைவியாக இருக்கும் அம்மா, தன் பிள்ளை வீட்டில் கூட இவ்வளவு பேசியதில்லை என்றார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த நாட்களில் செயலியில் ஏற்ற வேண்டியவை எதையும் நான் ஏற்றவில்லை. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, இது எந்தக் கற்றல் விளைவின்கீழ் வருகிறது என்று கேட்டார். நீயாக இருந்தால் “அளவைகள்” என்று முகம் மாறாமல் சொல்லித் தப்பித்திருப்பாய். நானும் அதைத்தான் சொன்னேன்.

இனி சிரிப்பை விட்டுவிட்டு எழுதுகிறேன். செயல்வழிக் கற்றல் தோற்றுவிட்டது என்று உன் கடிதத்தில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னை இத்தனை நாள் எழுதவிடாமல் செய்தது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்து ராயல்பாடில் 1972இல் டேவிட் ஹார்ஸ்பரோ நீல்பாக் பள்ளியைத் தொடங்கியபோது, அங்கே தேர்வும் தண்டனையும் இல்லை; வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒன்றாக இருந்தார்கள்; ஒவ்வொரு குழந்தையையும் அறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் அட்டையும் ஏணியும் உருவானது, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் தவிக்கவிடாமல் கவனிப்பதற்காக. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் அது மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்து, 2007-08இல் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. அட்டைகளை லாரியில் ஏற்றி அத்தனை பள்ளிகளுக்கும் அனுப்ப முடிந்தது. பக்கத்தில் உட்காரும் அந்தப் பெரியவரை எந்த லாரியில் அனுப்புவது?

ஆனாலும் ஒன்று நடந்தது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். நாற்காலியில் இருந்த ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். ஆசிரியரின் உதவி முழுவதும் தேவைப்படும் குழந்தைகள் வந்து சேரும் ‘முழு ஆசிரியர் உதவிக்குழு’ என்ற தட்டைச் சுற்றி ஐந்தாறு குழந்தைகளோடு உட்கார்ந்தபோதுதான், எவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, எவன் காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. பிறகு வந்த அதிகாரிகளும் நம்மில் பலரும், குழந்தை எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதை மட்டும் எண்ணத் தொடங்கினோம். ஏணி மெல்ல மெல்லப் பதிவேடாகிவிட்டது. பெற்றோர்களோ புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, பிள்ளைகள் விளையாடுகின்றன என்று குறைபட்டார்கள். 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். கொரோனாவில் எழுத்தை மறந்து வந்த குழந்தைகளுக்கு அது உதவியது என்பதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் பள்ளியிலேயே கண்டேன். எனினும் என் குழந்தை எப்போது மலராகும் என்று ஒரு தாய் கலங்கிக் கேட்டபோது, மொட்டாக இருப்பதில் என்ன குறை என்று அவரிடம் விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

நமக்கு இது புதிதல்ல, கமலா. 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் மையத்துக்கு வந்த குவாரிப் பெண்கள், நாம் கொண்டுபோன பாடத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுக் குவாரியின் குத்தகைத் தாளைத்தானே நீட்டினார்கள்? அதை எழுத்துக் கூட்டிப் படித்தபோது நீ அழுதாய், பிறகு ஜலதோஷம் என்றாய். அந்தத் தாளை நம்மிடம் நீட்டும் அளவுக்கு நம்மை நம்ப அவர்களுக்குப் பல இரவுகள் ஆயின. அதுவரை அவர்கள் கேட்ட ஒரே கேள்வி நமக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான்.

இந்தச் சுவர் விவகாரமும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது. பெரிய பையன்களை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும் என்பதால்தான், எனக்குப் பிடிக்காததை என் முகத்துக்கு நேரே சொல்ல அவர்களுக்குத் துணிவு வந்தது. வரும் பணிமாறுதல் கலந்தாய்வில் எனக்கோ தம்பிக்கோ மாறுதல் வந்தால் இதில் எவ்வளவு மிஞ்சும் என்று நினைக்கும்போது இரவில் விழிப்பு வந்துவிடுகிறது. புதிதாக வருபவருக்கு நான் என்னவென்று எழுதிவைப்பது? எந்தப் படிவத்தில் இதற்கு இடமிருக்கிறது?

உன் பள்ளியின் வரவேற்பறையில் மாண்டிசோரி அம்மையார் படம் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்லதுதான், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அடையாற்றில் தங்கிப் பயிற்சி கொடுத்தவர், நமக்கும் சற்று உறவு. ஆனால் கட்டணம் கட்டும் பெற்றோர் ஆண்டு முடிவில் உன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. இருபது குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்று பெருமையாகச் சொல்கிறாயே, அந்த இருவரும் குழந்தைகள் சண்டை போடும்போது விலக்கிவிடுகிறார்களா, விட்டுப்பார்க்கிறார்களா? இதற்கு மட்டுமாவது ஒளிக்காமல் பதில் எழுது. காலாண்டு விடுமுறையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே வந்தால் குழந்தைகளையும் பார்க்கலாம்.

என்றும் உன்,
மீனா